கேமராவுக்கு முதுகு காட்டிய யூனிஸ்

யூனிஸ் அக்கா முப்பத்தொரு படங்களில் நடித்திருக்கிறார். மாடியிலிருந்து விழுந்திருக்கிறார், ஓடுகிற லாரியில் தொங்கியிருக்கிறார், கண்ணாடிக் கதவுகளை உடைத்துக்கொண்டு வெளியே பாய்ந்திருக்கிறார். ஆனால் அந்த முப்பத்தொரு படங்களில் ஒன்றில்கூட அவர் முகம் தெரியாது. அவற்றில் எல்லாம் அவர் டூப். கதாநாயகியால் செய்ய முடியாத சண்டையை, கதாநாயகியின் உடையையும் விக்கையும் மாட்டிக்கொண்டு செய்கிறவர்.

அவர் எங்கள் தெருக்காரர். பம்மலில்தான் பிறந்தார். அப்பா சத்தியநாதன் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். அம்மா செல்லம்மா தோல் கையுறை தைக்கும் கம்பெனிக்குப் போகிறார். எட்டாம் வகுப்பில் யூனிஸ் அக்காவுக்கு கோகோ அணியில் இடம் கிடைக்கவில்லை. ஜூடோ அணியில் ஆள் குறைவாக இருந்ததால் பி.டி. சார் அவரை அங்கே தள்ளிவிட்டார். முதல் மூன்று மாதம் விழுவதற்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். முன்னால் விழுவது, பின்னால் விழுவது, பக்கவாட்டில் விழுவது. செல்லம்மா அக்கம்பக்கத்தில் அலுத்துக்கொண்டார்: "ஊருல இருக்கிற பொண்ணுங்க எல்லாம் அடிக்கக் கத்துக்குது. இது தெனமும் வுழக் கத்துக்கினு வருது."

விழுந்து விழுந்தே மாநில அளவில் நான்கு பதக்கம் வாங்கினார். போலீஸ் தேர்வுக்குப் போனபோது உயரம் ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்தது. அளந்தவர் இரண்டாவது முறையும் அளந்து பார்த்தார், பாவம். ஒன்றரை சென்டிமீட்டர் அப்படியே இருந்தது. அதன்பிறகு ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில், முகூர்த்தம் இல்லாத நாட்களில், பிள்ளைகளுக்கு ஜூடோ சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். விழுவதற்குக் கீழே விரிக்கிற தடித்த மேட், நீலமும் மஞ்சளுமாக நாற்பது வைத்திருந்தார். அதுதான் அவருடைய முழுச் சொத்து.

சினிமாவுக்குள் அவரைக் கூட்டிப்போனதும் அந்த மேட்தான். பள்ளிக்கரணையில் கட்டி முடிக்காத ஒரு கட்டடத்தில் ஷூட்டிங். கீழே விரிப்பதற்கு மேட் வாடகைக்கு வேண்டும் என்று அன்பு மாஸ்டர் ஆள் அனுப்பினார். அன்பு மாஸ்டர் சண்டைக்காட்சிகளை அமைப்பவர். மேட்டை மட்டும் தனியாக அனுப்ப மனசு வராமல் யூனிஸ் அக்காவும் லோடு வண்டியில் ஏறிப் போனார். போனதிலிருந்து ஒரே வேலைதான்.

"அண்ணா, செருப்போட ஏறாதீங்க. அண்ணா, டீ கிளாஸ அதுமேல வெக்காதீங்க."

"யாருப்பா இந்தப் பொண்ணு?" என்று அன்பு மாஸ்டர் கேட்டார்.

"மேட்டோட வந்துது மாஸ்டர்."

அன்றைக்கு டூப்பாக வந்திருந்தவர் ஒரு ஆண். மீசையை எடுத்துவிட்டு, பாவாடை தாவணி கட்டி, நீளச் சடை வைத்து, முதல் மாடி விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு அடி பின்னால் போனார்.

"மாஸ்டர், பாவாட தடுக்குது."

"தூக்கிச் சொருவுடா!"

"முட்டியும் வலிக்குது மாஸ்டர்."

கீழே நின்றிருந்த யூனிஸ் அக்காவுக்கு ஒரே கவலைதான். பயத்தோடு குதிக்கிறவர் கையைக் காலை நீட்டிக்கொண்டு விழுவார். மேட் கிழிந்துவிடும். அவர் நேரே மாஸ்டரிடம் போய், "அவரு வேணாம் சார், நான் குதிக்கிறேன்" என்றார்.

குதித்தார். கையால் மேட்டைத் தட்டி, உருண்டு, எழுந்து, முதல் வேலையாக மேட்டைத் தடவிப் பார்த்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அன்பு மாஸ்டர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சூப்பரா குதிச்சம்மா. ஆனா கேமராவப் பாத்து சிரிச்சுக்கினே குதிச்ச. இன்னொரு தபா போ. இங்க வுழறது முக்கியம் இல்ல. மூஞ்சி தெரியக் கூடாது, அதான் முக்கியம்."

அந்த ஒரு வரிதான் ஆறு வருடம் அவருக்குச் சோறு போட்டது. விழும்போது முடியை முகத்தின் மேல் தள்ளக் கற்றுக்கொண்டார். திரும்பும்போது தோளைத் தூக்கி மறைத்துக்கொண்டார். உதை வாங்கிப் பறக்கும்போது முதுகு மட்டும் தெரிகிற மாதிரி பறந்தார். சூரியகாந்திப் பூ வெயிலைப் பார்த்துத் திரும்பும் அல்லவா? யூனிஸ் அக்கா அதற்கு நேர் எதிர். கேமரா எந்தப் பக்கம் இருந்தாலும் உடம்பு தானாக மறுபக்கம் திரும்பிவிடும்.

வேலை செய்யாத நேரத்திலும் திரும்ப ஆரம்பித்ததுதான் வேடிக்கை. ஆதார் மையத்தில் போட்டோ எடுக்கவே இருபது நிமிடம் ஆனது. சித்தி மகள் கல்யாண வீடியோவில் அவர் ஏழு இடத்தில் வருகிறார், ஏழிலும் கொண்டை. கல்யாணத் தரகர் பாப்பா அக்கா ஒரு நாள் போட்டோ கேட்டு வந்தபோது, செல்லம்மா போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு ஒன்றை நீட்டினார்.

"இன்னா செல்லம்மா இது? பொண்ணக் கேட்டா காதக் காட்ற?"

"அதுலதான்க்கா கொஞ்சமாவது தெரியறா."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஹேமநாத் என்ற இயக்குநர் வந்தார். அவருக்கு அது முதல் படம். ஒரு பெண் தனியாக நின்று சண்டை போடும் கதை. நடிகைக்கு ஒரு சம்பளம், டூப்புக்கு ஒரு சம்பளம், இருவரையும் மாற்றி மாற்றி எடுக்க இரண்டு மடங்கு நாள். அதற்குப் பதிலாக, சண்டை தெரிந்தவரையே நாயகியாகப் போட்டால் என்ன என்று அவர் யோசித்தார். அன்பு மாஸ்டரைக் கேட்டார். மாஸ்டர் யோசிக்காமல் யூனிஸ் அக்காவின் பெயரைச் சொன்னார்.

தயாரிப்பாளர் ராஜகோபால் கூடுவாஞ்சேரியில் மனைகள் விற்கிறவர். அவருக்கு இந்த யோசனை பிடித்திருந்தது. "ரெண்டு பேர் வேலைய ஒருத்தரே செய்யறாங்கன்னா எனக்கு ஓகே" என்றார்.

செய்தி எங்கள் தெருவுக்கு வந்த அன்று சத்தியநாதன் பட்டறைக்கே லீவு போட்டுவிட்டார். யூனிஸ் அக்கா கண்ணாடி முன்னால் நின்று ரொம்ப நேரம் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் செல்லம்மா சொன்னார்.

முதல் மூன்று நாள் பேச்சுக் காட்சிகள். உட்கார்ந்து பேசும்போது "யூனிஸ், இந்தப் பக்கம்" என்று சொல்லிச் சொல்லி எடுத்துவிட்டார்கள். நான்காம் நாள் முதல் சண்டை. பம்மலில் மூடிக் கிடந்த ஒரு பழைய தோல் பதனிடும் ஷெட்டில் ஏழு சண்டைக்காரர்களோடு மோத வேண்டும். தாமோதரன் அண்ணன் கேமராமேன். கோவளத்துக்காரர், மீன்பிடிக் குடும்பம், வலை இழுத்த தோள். கேமராவைக் கையில் தூக்கிக்கொண்டே அரை நாள் நிற்பார்.

காலையிலிருந்து மாலைக்குள் பதினான்கு டேக். ஏழு பேரையும் யூனிஸ் அக்கா பதினான்கு முறை தூக்கிப் போட்டார். ஒவ்வொரு முறையும் பிரமாதம். எல்லோரும் மானிட்டர் முன்னால் கூடிப் பார்த்தார்கள். பதினான்கிலும் பின்னந்தலை.

"அழகான சட, மேடம்" என்றார் ஹேமநாத். அவருக்குத் திட்டத் தெரியாது.

"சாரி சார், எனக்கே தெரியல சார். திரும்பணும்னுதான் நெனைக்கிறேன். சண்ட ஆரம்பிச்சா ஒடம்பு கேக்க மாட்டேங்குது."

ராஜகோபால் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்தார்.

"ஹேமநாத், நான் இருபது வருஷமா ப்ளாட் விக்கிறேன். ரோட்டப் பாக்காத ப்ளாட்டக்கூட வித்துருக்கேன். ஆடியன்ஸப் பாக்காத ஹீரோயின எப்படிப்பா விக்கிறது?"

அவர் யூனிஸ் அக்காவிடம் திரும்பினார். குரல் அன்பாகத்தான் இருந்தது, அதுதான் இன்னும் கஷ்டம்.

"நாளைக்கு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் டைம்மா. அதுக்குள்ள இந்த ஃபைட் மூஞ்சியோட வரணும். வரலைன்னா ஜீவிதாவுக்கு போன் பண்ணிடுவேன், அவங்க டேட்ஸ் இருக்கு. உனக்கு வேல போகாது, கவலப்படாத. அவங்களுக்கு நீயே டூப் பண்ணு. சம்பளமும் அதேதான்."

ஜீவிதா இரண்டு படங்களில் கதாநாயகியாக நடித்தவர். அந்த இரண்டிலும் அவருக்கு டூப் யூனிஸ் அக்காதான்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது செல்லம்மாவுக்கு முதலில் புரியவில்லை.

"அப்ப, ஒம் படத்துல நீயே டூப்பா?"

"ஆமாம்மா."

"இன்னாடி கூத்து இது? சம்பளம் கொறையுதா?"

"கொறையல. அடி என்னுது. மூஞ்சி இன்னொருத்தருது. எப்பவும் போலத்தான்." இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தவர், முடிக்கும்போது சிரிக்கவில்லை. "இந்த ஒரு தபாதாம்மா என்னக் கூப்ட்டாங்க. என் மூஞ்சியக் கேட்டுக் கூப்ட்டாங்க. அதப் போய் நானே மறைச்சிக்கினு நிக்கிறேன்."

மறுநாள் காலை ஏழு மணிக்கே அன்பு மாஸ்டர் ஷெட்டுக்கு வந்துவிட்டார். அவர் கையில் மூன்று யோசனை இருந்தது.

முதல் யோசனை, முடி. "மறைக்க முடி இருந்தாத்தான மறைப்ப?" என்று சடையைச் சுருட்டி இறுக்கக் கொண்டை போடவைத்தார். யூனிஸ் அக்கா முழங்கையால் மறைத்துக்கொண்டார்.

இரண்டாவது யோசனை, விளக்கு. கேமரா எங்கே என்று தெரிந்தால்தானே அதைப் பார்க்க முடியும்? அதன்மேல் சின்னதாக ஒரு சிவப்பு பல்பைக் கட்டினார்கள். இது முன்னைவிட மோசமாகப் போனது. கேமரா எங்கே என்று இப்போது துல்லியமாகத் தெரிந்துவிட்டதால், அதற்கு இஞ்ச் பிசகாமல் முதுகைக் காட்டினார். "பல்பக் கழட்டுங்கப்பா" என்றார் மாஸ்டர்.

மூன்றாவது யோசனைதான் அவர் பெரிதாக நம்பியது. கேமராவையே ஒளித்து வைத்துவிடுவது. யூனிஸ் அக்காவை வெளியே அனுப்பிவிட்டு, பழைய பீப்பாய்களுக்கு நடுவில் கேமராவை வைத்துச் சாக்கு போட்டு மூடினார்கள். லென்ஸ் அளவுக்கு ஒரு ஓட்டை மட்டும் விட்டார்கள். தாமோதரன் அண்ணன் சாக்குக்குள் குந்தினார். உள்ளே என்ன வாசனை என்று அவர் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

யூனிஸ் அக்கா உள்ளே வந்தார். நாலு பக்கமும் பார்த்தார், கேமரா இல்லை. சண்டை ஆரம்பித்தது. முதல் ஆளைத் தூக்கிப் போட்டபோது பக்கவாட்டு முகம் தெரிந்தது. ஹேமநாத் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது ஆள் விழுந்தபோது பாதி முகம். மூன்றாவது ஆள் விழுவதற்குள் பின்னந்தலை வந்துவிட்டது. ஏழாவது ஆள் விழுந்தபோது யூனிஸ் அக்காவின் முதுகு பீப்பாய்களுக்கு நேர் எதிரே, நடுச் சென்டரில் இருந்தது.

சாக்குக்குள்ளிருந்து தாமோதரன் அண்ணன் குரல் வந்தது. "எம்மா, நீ இன்னா மோப்பம் புடிக்கிறியா?"

"எப்படிம்மா கண்டுபுடிச்ச?" என்று மாஸ்டர் கேட்டார். அவருக்கு அழுகை வராத குறை.

யூனிஸ் அக்கா தரையில் உட்கார்ந்து யோசித்தார். மேட்டில் ஒட்டியிருந்த தூசியைக் கையால் தள்ளிக்கொண்டே யோசித்தார்.

"அந்தப் பக்கம் மட்டும் ஆளே இல்ல மாஸ்டர். மத்த மூணு பக்கமும் லைட்மேன், டீக்காரரு, ஆளுங்க எல்லாம் நிக்கிறாங்க. பீப்பாய் முன்னாடி மட்டும் எல்லாரும் ஒதுங்கி நிக்கிறாங்க. எந்த செட்லயும் அப்படித்தான. ஆள் நிக்காத எடம்தான் கேமரா. ஆள் இல்லாத பக்கம் முதுகக் காட்டு, ஆள் இருக்கிற பக்கம் மூஞ்சியக் காட்டு…"

அங்கேயே நிறுத்திவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மாஸ்டர், ஜூடோல எதிராளிக்கு முதுகக் காட்டிட்டு நிக்கக் கூடாது. நின்னா தூக்கிப் போட்ருவான். எட்டாவதுல இருந்து அதான் பழக்கம். கேமராவ அங்கக் கொண்டு போய் வெக்காதீங்க. கேமராவே எங்கூட சண்ட போடட்டும்."

"கேமரா எப்படிம்மா சண்ட போடும்?"

எல்லோரும் ஒரே நேரத்தில் தாமோதரன் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் அப்போதுதான் சாக்கை விலக்கிக்கொண்டு எழுந்திருந்தார்.

"இன்னா? இன்னாத்துக்கு எல்லாரும் என்னையே பாக்கிறீங்க? எனக்கு வூட்ல பொண்டாட்டி புள்ள கீது."

திட்டம் இதுதான். கேமராவை வலது தோளில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, இடது கையால் தாமோதரன் அண்ணன் யூனிஸ் அக்காவின் காலரைப் பிடித்து இழுக்க வேண்டும். எட்டாவது எதிரி அவர்தான். மற்ற ஏழு பேர் பக்கத்திலிருந்து வந்து வந்து விழுவார்கள். அவர் மட்டும் எதிரே நின்று தாக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

"கேமரா வாடகைக்கு எடுத்ததும்மா. ஒடைஞ்சா என் கத கந்தல்."

"கேமராவுக்கு ஒண்ணும் ஆவாதுண்ணா."

"அப்ப எனக்கு?"

"மேட் இருக்குல்லண்ணா."

மதியச் சாப்பாடு முடிந்து, விளக்கெல்லாம் மாற்றி வைத்து, முதல் டேக் எடுக்கும்போது மணி நான்கரை. அது சரியாக வரவில்லை. தாமோதரன் அண்ணன் காலரைப் பூப்பறிப்பது மாதிரி இரண்டு விரலால் தொட்டார். யூனிஸ் அக்காவின் உடம்பு அவரை எதிராளியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பின்னந்தலை. இரண்டாவது டேக்கும் அப்படித்தான். ஐந்து இருபதுக்கு ராஜகோபாலின் கார் ஷெட் வாசலில் வந்து நின்றது. அவர் இறங்கும்போதே போனில் யாரிடமோ, "ஆறு மணிக்குக் கூப்பிடறேன் ஜீவிதா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது உள்ளே நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணா, நெஜமாலுமே வாங்கண்ணா," என்றார் யூனிஸ் அக்கா. "கெஞ்சிக் கேக்கிறேன். என்னக் கீழ தள்ளப் பாருங்க."

"பொம்பளப் புள்ளையப் போய் எப்பிட்றி…"

"அதான பாத்தேன்," என்றார் அன்பு மாஸ்டர். "வல இழுத்த கையின்னு சொன்னாங்க. எறா பொறுக்கின கை போல கீது."

ஏழு சண்டைக்காரர்களும் சிரித்தார்கள். லைட்மேன்கூடச் சிரித்தார். தாமோதரன் அண்ணன் முகம் மாறியது. கேமரா பட்டையை ஒரு சுற்று இறுக்கிக்கொண்டார்.

"ரெடி சொல்லு டைரக்டரே."

ஹேமநாத் ஆக்‌ஷன் சொன்னதும் அவர் மூன்று எட்டில் பாய்ந்து காலரைக் கொத்தாகப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். யூனிஸ் அக்கா உண்மையிலேயே தடுமாறினார். தடுமாறிய வேகத்தில் கண் மேலே வந்தது. நேராக, கேமராவுக்குள்.

மானிட்டரில் முதன்முறையாக யூனிஸ் அக்கா இருந்தார். நெற்றியில் வியர்வை, கடித்த உதடு, அடுத்து எந்தப் பக்கம் இழுப்பான் என்று தேடுகிற கண். வலது பக்கம் வந்த ஆளைப் பார்க்காமலே காலால் வாரிவிட்டார். இடது பக்கம் வந்தவனைத் தோளில் ஏற்றி அனுப்பினார். ஒவ்வொரு ஆளும் விழுந்த அடுத்த நொடி முகம் முன்னால் திரும்பிவிடும், ஏனென்றால் அங்கேதான் எதிராளி நிற்கிறான். ஹேமநாத் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டார்.

ஏழு பேரும் விழுந்தாயிற்று. அதோடு கட் சொல்ல வேண்டும் என்றுதான் பேச்சு. ஆனால் ஹேமநாத் சொல்ல மறந்துவிட்டார். தாமோதரன் அண்ணனும் சூட்டில் இருந்தார், காலரை விடவில்லை, இன்னொரு இழுப்பு இழுத்தார். யூனிஸ் அக்காவின் உடம்பு பதினாறு வருடமாகச் செய்ததைச் செய்தது. தாமோதரன் அண்ணன் கையைப் பிடித்து, கீழே குனிந்து, தோளுக்கு மேலே தூக்கிப் போட்டது.

மானிட்டரில் தகரக் கூரை சுற்றியது. பிறகு ஜன்னல், பிறகு தலைகீழாக அன்பு மாஸ்டர், பிறகு பொத்தென்று ஒரு சத்தம். தாமோதரன் அண்ணன் மேட்டில் மல்லாக்கக் கிடந்தார். கேமராவை மட்டும் பச்சைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்திருந்தார். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் எதிரே, திரை முழுவதும் நிறைகிற மாதிரி, பதறிப்போன ஒரு முகம் குனிந்தது.

"அண்ணா! அடிபட்டுச்சா?"

மணி ஐந்து ஐம்பது. ராஜகோபால் மானிட்டர் பக்கத்தில் வந்து நின்றார். அந்தக் கடைசித் துண்டை மறுபடி போடச் சொன்னார். இன்னொரு முறை போடச் சொன்னார். மூன்றாவது முறையும் பார்த்துவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"ஹீரோயின மாத்த வேணாம்," என்றார். "கேமராமேன மாத்தணுமான்னு மட்டும் டாக்டரக் கேட்டுச் சொல்லுங்க."

மாற்ற வேண்டியிருக்கவில்லை. கழுத்தில் டாக்டர் மாட்டிய பட்டையோடு தாமோதரன் அண்ணனே மீதி நாற்பது நாளையும் எடுத்தார். படம் தாம்பரத்தில் மூன்று வாரம் ஓடியது. 'அண்ணா, அடிபட்டுச்சா' என்ற அந்த இடத்தை ஹேமநாத் வெட்டாமல் அப்படியே வைத்திருந்தார். விசில் அங்கேதான் விழுந்தது. இப்போது யூனிஸ் அக்கா இரண்டாவது படத்தில் நடித்துக்கொண்டிருக்கிறார். கேமராமேன் அதே தாமோதரன் அண்ணன்தான். தூக்கிப் போடுவதற்கு முன்னால் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

"சொன்னா ஒடம்ப வெறப்பா வெச்சிக்குவீங்கண்ணா, அப்பதான் அடிபடும்" என்பார் யூனிஸ் அக்கா. இன்றுவரை சொல்லாமல்தான் தூக்குகிறார்.